இடாப்பில் இருபத்துமூன்றாம் பெயர்

கொக்குவில் தாண்டியதும் மாஸ்ரர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். நான்காக மடித்த ஒற்றைத் தாள், கொப்பியிலிருந்து கிழித்தது. இடது ஓரத்தில் 1 முதல் 38 வரை இலக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். மூன்று இடங்களில் மட்டும் பெயர் இல்லை: 11, 23, 30.

1984இல் ஆண்டு பத்துக்கு அவர் வகுப்பாசிரியராக இருந்தபோது காலையில் கூப்பிட்ட வரிசை அது. அசல் இடாப்பு 1990இல் பள்ளிக்கூட அலுமாரியோடு போயிற்று. வெள்ளவத்தையில் மகளின் வீட்டில், நித்திரை வராத இரவுகளில், அவர் அதை மனதிலிருந்து திரும்ப எழுதியிருக்கிறார். பெயர்கள் தனித்தனியே வருவதில்லையாம். ஒன்றிலிருந்து தொடங்கி, அதே இராகத்தில் வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டு வந்தால்தான் அடுத்தது வரும். இராகம் அறுந்த இடங்கள் மூன்று. நள்ளிரவில் யாரைக் கூப்பிடுகிறார் என்று பேரப்பிள்ளைகள் முதலில் பயந்துபோனார்களாம்.

ஊருக்கு அவர் மாஸ்ரர். படித்தவர்களுக்குச் சேர். படிப்பித்தது புவியியல். காங்கேசன்துறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள். இப்போது அந்த வகுப்புப் பிள்ளைகளே ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். ஆவணி மாதம், நல்லூர்த் திருவிழாக் காலம். வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவு போட்டுக்கொண்டு வந்து இறங்கும் காலம். அதை வைத்தே ஒன்றுகூடலுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வீதியால் போனால் பதினெட்டுக் கிலோமீற்றர் அளவுதான். பேருந்தும் இருக்கிறது, ஓட்டோவும் இருக்கிறது. மாஸ்ரர் புகையிரதம்தான் என்று பிடிவாதம் பிடித்தார். காரணம் இல்லாமல் இல்லை. கொழும்பிலிருந்து இந்தக் கரைவரை வந்த பாதை 1905இல் முழுமையடைந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் எல்லாம் நின்றது. அதன் பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. பாதை போன இடத்தில் பற்றை வளர்ந்தது. புகையிரதத்தைப் படத்தில் மட்டும் பார்த்த ஒரு தலைமுறை குடாநாட்டில் பிறந்து, படித்து, பரீட்சை எழுதி முடித்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறை வரைக்கும் வண்டி திரும்பி வந்தது. புதிய பாதையில் மாஸ்ரருக்கு இதுதான் முதல் பயணம்.

இந்தச் சிறு பாதையில் ஒரு வேடிக்கை உண்டு. தரிப்பிடங்களின் பெயர்களைச் சொன்னால் அது பள்ளிக்கூடங்களின் பட்டியல் போலவும் இருக்கும். கொக்குவில் என்றால் கொக்குவில் இந்துக் கல்லூரி. அங்கே 1949இல் அதிபராக வந்த ஹண்டி பேரின்பநாயகம், அதற்கு முன் வட்டுக்கோட்டையில் படிப்பித்த காலத்தில் மாணவர்களைச் சேர்த்து இளைஞர் காங்கிரசைக் கட்டியவர். 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தது அந்த இளைஞர்கள் அழைத்துத்தான். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் சமமாக இருக்கலாம் என்ற சம ஆசன ஏற்பாடு 1930 அளவில் வந்தபோது இந்தக் குடாநாட்டில் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தவர்களும் இருந்தார்கள். அப்போது சம ஆசனத்தின் பக்கம் நின்றவர்களில் ஹண்டி மாஸ்ரரும் ஒருவர். இணுவிலுக்கு அருகே மருதனார்மடத்தில் பெண்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் தொடங்கிய கல்லூரி. சுன்னாகத்தில் ஸ்கந்தவரோதயா. அதன் அதிபராக இருந்த சுப்பிரமணியத்தை ஊர் இன்றும் ‘ஒறேற்றர்’ என்ற அடைமொழி இல்லாமல் சொல்லாது.

சுன்னாகத்தில் வண்டி நின்றபோது மாஸ்ரர் பழங்கதை ஒன்றைத் தொடங்கினார். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை இளமையில் தமிழ் படித்தது சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம். பிறகு வட்டுக்கோட்டைச் செமினரியில் கறோல் விசுவநாதபிள்ளையிடம். இருவரும் பின்னால் சென்னைக்குப் போனார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கி முதல் பி.ஏ. தேர்வு நடந்தபோது ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகவே எழுதினார்கள். தேறியவர்கள் அந்த இரண்டு பேர்தான். மாணவர் முதலாவது. ஆசிரியர் இரண்டாவது.

“பழைய மாணவனைச் சந்திக்கிறதென்றால் அப்படிச் சந்திக்க வேணும்,” என்று மாஸ்ரர் சிரித்தார். “மண்டபத்தில அந்தாள் முன்னால இருந்ததோ பின்னால இருந்ததோ தெரியாது. ஆனா பெறுபேறு வந்த அன்றைக்கு விசுவநாதபிள்ளை எப்படித் தூங்கியிருப்பார் எண்டு நான் கன தரம் யோசிச்சிருக்கிறன்.”

தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்ததை எல்லாரும் சொல்வார்கள். வாத்தியாரை முந்திய இந்தக் கதையை வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னவர் மாஸ்ரர் ஒருவராகத்தான் இருப்பார். அதுவும் புவியியல் பாடத்தில்.

மல்லாகம் கடந்து தெல்லிப்பழை. இங்கே இரண்டு பெரிய பள்ளிக்கூடங்கள். அமெரிக்க மிஷனரி டானியல் பூர் 1816இல் வந்து இறங்கிய இடத்தில் யூனியன் கல்லூரி. பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தொடங்கிய மகாஜனா. ‘மகாகவி’ என்ற பெயரில் எழுதிய அளவெட்டி உருத்திரமூர்த்தி மகாஜனாவில் படித்தவர். காங்கேசன்துறைத் தொகுதிக்கு 1947இல் முதல் உறுப்பினரான எஸ். ஜே. வி. செல்வநாயகம் யூனியனில் படித்தவர். வழக்கறிஞராகுமுன் கொழும்பில் விஞ்ஞானம் படிப்பித்தவரும்கூட. தந்தை செல்வாவை ஒரு வாத்தியாராக நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. மேடையில் அவர் பேசிய மெல்லிய குரலைக் கேட்டவர்கள், கடைசி வாங்குக்கு அது எட்டியிருக்குமா என்று சந்தேகப்படலாம்.

தெல்லிப்பழைக்குப் பிறகு மாஸ்ரர் பேசவில்லை. யன்னலில் ஊர் மாறியது. அதுவரை செம்மண், வாழை, வெங்காயப் பாத்தி, கிணற்றடி என்று வந்த காட்சியில் இடையிடையே கூரையில்லாத சுவர்கள் தெரிந்தன. சுவருக்குள்ளே மரம். சில வீடுகளில் மரம்தான் வீட்டைத் தாங்கி நிற்கிறதுபோல இருந்தது. பக்கத்திலேயே புதுச் சீமெந்து வீடு, நீலத் தண்ணீர்த் தொட்டி, வாசலில் மோட்டார் சைக்கிள்.

மாவிட்டபுரத்தில் கோயில் கோபுரம் தெரிந்தது. குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமலைத் தீர்த்தத்தில் மூழ்கி முகம் மாறப்பெற்றாள் என்பது ஐதீகம். மா விட்ட புரம். அவள் கட்டுவித்த கோயிலுக்காகக் காங்கேயன் என்ற முருகனின் விக்கிரகம் கடல் கடந்து வந்து இறங்கிய துறை, காங்கேசன்துறை. கீரிமலை ஊற்றைப் பற்றி மாஸ்ரரிடம் வேறொரு விளக்கமும் உண்டு. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளால் கீழே இறங்கி, கடலோரத்தில் வெளியே வருகிறது. இரண்டு விளக்கத்தையும் ஒரே பாடத்தில் சொன்னவர் அவர். எதைப் பரீட்சையில் எழுதுவது என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுவார்.

அதே சுண்ணாம்புக்கல்தான் காங்கேசன்துறைக்கு நவீன வாழ்வையும் கொடுத்தது. இலங்கையின் முதல் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. சம்பளம் வாங்கும் தொழிலாளர், குவாட்டர்ஸ், துறைமுகம், சரக்கு வண்டி என்று ஊர் நாற்பது ஆண்டுகள் ஓசையோடு இருந்தது. 1990 ஜூன் நடுப்பகுதியில் இரண்டாம் ஈழப்போர் இந்தப் பக்கம் வந்தது. வலிகாமம் வடக்கின் சனம் உடுத்த உடுப்போடு தெற்கே நடந்தது. இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று கோழிக்குத் தீன் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. தொழிற்சாலை நின்றது நின்றதுதான்.

நிலையத்தில் மூன்று பேர் காத்திருந்தார்கள். நரைத்த தாடி ஒன்று, கண்ணாடி போட்ட அம்மா ஒருவர், பருத்திச் சேட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வெளிநாட்டுக்காரர் ஒருவர்.

“சேர், என்னைத் தெரியுதோ?”

பழைய மாணவர்கள் ஆசிரியரிடம் கேட்கும் கேள்விகளில் இதைப்போலக் கொடியது வேறில்லை. கேட்பவருக்கு அது அன்பு. பதில் சொல்ல வேண்டியவருக்கு முன்னறிவித்தல் இல்லாத வாய்மொழிப் பரீட்சை. பதினைந்து வயதில் விட்ட முகத்தை ஐம்பத்தேழில் அடையாளம் காண வேண்டும். இடையில் இருந்த முகங்களை யாரும் காட்டவில்லை. மாஸ்ரர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். முகத்தைப் பார்க்காமல், “எந்த வாங்கு?” என்று கேட்டார்.

“கடைசி, யன்னல் பக்கம்.”

“அப்ப நீ முப்பத்துநாலு,” என்றார் மாஸ்ரர். தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடற்கரைக்குப் போகும் வழியில் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். இந்த ஊரின் நடேஸ்வராக் கல்லூரி இடம்பெயர்ந்த பள்ளியாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேறிடத்தில் நடந்தது. 2016 மார்ச்சில், சுமார் 700 ஏக்கர் நிலம் விடுவிக்கப்பட்டபோதுதான் அதற்குத் தன் காணி திரும்பக் கிடைத்தது. இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம் என்பது வெளியூரவர்களுக்கு விளங்காத ஓர் அமைப்பு. கட்டடம் போய்விடும், பெயர் மட்டும் நடந்துபோகும். இன்னொரு பள்ளியின் வளவில் கொட்டில் போட்டு, அவர்களின் வகுப்பு முடிந்த பிறகு பின்னேரத்தில் நடத்துவார்கள். பெயர்ப்பலகையில் ஊர் காங்கேசன்துறை என்றிருக்கும். வாங்கில் இருக்கும் பிள்ளை காங்கேசன்துறையைக் கண்டே இராது.

மதியம் தாடிக்காரரின் வீட்டில். கடலிலிருந்து இருநூறு யார் தள்ளி, பாதி பழைய சுவர், பாதி புதுச் சுவர். வேப்பமரத்துக்குக் கீழே கிடாரத்தில் ஒடியற்கூழ் கொதித்தது. நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி. பதினேழு பேர் வந்திருந்தார்கள். பிளாவில் கூழை வாங்கிக் குந்தியிருந்து குடித்தார் மாஸ்ரர். பிள்ளைகளோடு ஒன்றாக இருந்து உண்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்றார். அந்தக் காலத்து வாத்தியார்மார் அப்படி உண்ண மாட்டார்கள். பிள்ளைகளும் அவர் வாய்க்குள் எதையாவது போடுவார் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ஞாபகங்கள் வந்தன. மாஸ்ரருக்கு அதிர்ச்சி அங்கேதான் காத்திருந்தது. அவர் தன் பாடங்களை நினைத்துக்கொண்டு வந்திருந்தார். சுண்ணாம்புக்கல், உவர்நீர், உலக வரைபடம், தாமோதரம்பிள்ளை. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ஒருவருக்கு அவருடைய சைக்கிளின் மணி. இன்னொருவருக்கு, மழைநாளில் அவர் குடையை மடித்து மூலையில் வைத்ததும் ஓடிய தண்ணீர். அதை ஆறென்று வைத்து அதற்குக் கிளையாறுகள் வரைந்தார்களாம். பூவரசு இலையில் படிந்திருந்த சீமெந்துத் தூளில் விரலால் அவருடைய பட்டப்பெயரை எழுதியது ஒருத்திக்கு. “என்ன பட்டப்பெயர்?” என்று கேட்டார் மாஸ்ரர். பதினேழு பேரும் கூழைப் பார்த்தார்கள். கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

தாடிக்காரர் மட்டும் பாடத்தைப் பற்றிப் பேசினார். அவர் கடற்றொழிலாளி. 1990இலிருந்து மல்லாகத்து முகாம், பிறகு 1995இல் தென்மராட்சி, பிறகு கடலே இல்லாத இடங்களில் கூலி வேலை. திரும்பி வந்து மறுபடியும் படகு.

“சேர், இடைத் தவணைப் பரீட்சையில நீங்க கேட்டனீங்க, மே மாதத்திலயிருந்து செப்ரெம்பர் வரை இலங்கைக்கு வீசுற காத்து எது எண்டு. நான் ‘சோளகம்’ எண்டு எழுதினனான். நீங்க சிவப்பு மையால வெட்டி ‘தென்மேல் பருவக்காற்று’ எண்டு எழுதினீங்க. ரெண்டு புள்ளி.”

மாஸ்ரர் பதில் சொல்லவில்லை.

“சோளகமும் அதுதானே சேர்?”

அதுதான். தென்மேற்கிலிருந்து வருவது சோளகம், வடக்கும் வடகிழக்குமாக வருவது வாடை, கிழக்கேயிருந்து கொண்டல். இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொற்களோடு முழு அட்டவணையும் சேர்ந்தே தெரியும். சோளகத்துக்குக் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும், வடகரையில் அலை அடங்கியிருக்கும். வாடை பிடித்தால் படகை மேலே இழுத்து வைக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இருந்ததைவிட அதிகம் தெரிந்த ஒருவனுக்குப் பூச்சியம் போட்டிருக்கிறார் புவியியல் ஆசிரியர். அவர் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. திணைக்களப் பரீட்சையில் ‘சோளகம்’ என்று எழுதினால் அங்கேயும் வெட்டுவார்கள், அதிலிருந்து காப்பாற்றத்தான் வெட்டினார். அந்த நியாயத்தை அவர் அன்று சொல்லவில்லை.

பின்னேரம் கடற்கரைக்கு நடந்தார்கள். ஒரு பக்கம் இராணுவம் நடத்தும் ‘தல் செவன’ விடுதி. மறுபக்கம் துறைமுகம். போரில் மூழ்கிக் கிடந்த ஆறு கப்பல் சிதைவுகளை இந்தியா அகற்றிக் கொடுத்த துறைமுகம் அது. 2023 ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவக்காற்றைக் காரணம் சொல்லி நிறுத்தினார்கள். மறுபடி ஓடத் தொடங்கியது 2024 ஆகஸ்ட் 16இல்.

“ஐப்பசி பிறக்கிற நேரத்திலயோ கப்பல் விடத் தொடங்கிறது?” என்றார் தாடிக்காரர். “வாடை வருகுது. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பன்.”

மாஸ்ரர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். பட்டியலில் 34க்கு நேரே ‘2’ என்று எழுதி வட்டமிட்டார். தாடிக்காரர் எட்டிப் பார்த்து, “வட்டி இல்லையோ சேர்?” என்றார்.

கறுப்புக் கண்ணாடிக்காரர் ரொறன்ரோ. அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. ஆண்டுக்கொரு இராப்போசனம், நடனம், உண்டியல், ஊர்ப் பள்ளிக்கு ஒரு கட்டடம். போரில் சிதைந்த எத்தனையோ வகுப்பறைகள் அந்தப் பணத்தால் எழுந்தன. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வகுப்பறையைவிட வாசல்வளைவில் நாட்டம் கூடியவர்களும் இருக்கிறார்கள். வளைவில்தான் பெயர் பொறிக்கலாம். ரொறன்ரோக்காரர் திறன்பலகை வாங்கித் தரலாம் என்றார். கண்ணாடி அம்மா, “பிள்ளையள் குறைவு. முதல்ல பிள்ளையள் வர வழி பாருங்கோ,” என்றார். திட்டம் அதோடு ஒத்திவைக்கப்பட்டது.

அந்த அம்மா பட்டியலில் ஏழாவது பெயர். ஓய்வுபெறும் வயதில் இருக்கும் ரீச்சர். அவர் கையோடு கொண்டுவந்தது ஓர் இடாப்பு, 1995ஆம் ஆண்டுக்கானது, ஓரம் கறையான் அரித்தது. ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது கொப்பிகளை விட்டுவிட்டு அதை மட்டும் பையில் போட்டிருக்கிறார். கைதடிக்கு அப்பால் ஒரு மாமரத்தின் கீழ் வகுப்பைத் திரும்பத் தொடங்கியபோது பெயர் கூப்பிட்டார். பதில் வராத பிள்ளை வீட்டில் நின்றுவிட்டதா, வன்னிக்குப் போய்விட்டதா என்று தெரியாது. வராதவர்களுக்கு வழக்கமான குறியைப் போட மனம் வரவில்லை. அந்த மாதம் முழுவதும் கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறார். பக்கத்தைத் திருப்பி மாஸ்ரரிடம் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“எழுத்து நல்லா இருக்குது,” என்றார் கடைசியில்.

ரீச்சருடைய உதவியால்தான் பட்டியலில் வேலை நடந்தது. பதினோராவது பெயர் உடனே வந்தது. சுன்னாகத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறாராம், கலியாண வீடு ஒன்றால் வரவில்லை. முப்பதாவது ஒரு பெண்பிள்ளை, பாரிஸ். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மாஸ்ரர் சிறிய எழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கனடாவுக்கு ‘க’, பிரான்சுக்கு ‘பி’, ஊரில் இருப்பவர்களுக்கு ‘ஊ’. ஒன்பது பெயர்களுக்கு எழுத்துப் போடவில்லை, ஒரு சிறு புள்ளி மட்டும் வைத்தார். அந்தப் பெயர்கள் வந்தபோது பேச்சும் அப்படியே நின்று, பிறகு தொடர்ந்தது.

இருபத்துமூன்று மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. மூன்றாம் வாங்கு என்பது நிச்சயம். கறுவல் பொடியன், நல்லாகப் படம் வரைவான், தகப்பன் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. வேறு மாவட்டத்திலிருந்து வந்த குடும்பம், குவாட்டர்ஸில் இருந்தவர்கள், இரண்டு வருடமோ என்னவோதான் படித்தான். அவன் வரைந்த இலங்கை வரைபடத்தை மாஸ்ரர் சுவரில் ஒட்டி வைத்திருந்தார் என்று மூன்று பேர் சொன்னார்கள். பெயர் மட்டும் இல்லை. ரொறன்ரோக்காரர் வட்ஸ்அப் குழுவில் கேட்டுப் போட்டார். அங்கே இன்னும் விடியவில்லை.

பொழுதுபட முன் வண்டி. நிலையத்தில் தாடிக்காரர் ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தார், கருவாடு. கொழும்புக்குப் போகும்வரை முழுப் பெட்டியும் மணக்கும் என்று மாஸ்ரர் சொன்னார். “மணக்கட்டும் சேர்,” என்றார் அவர். யன்னலால் பார்க்க, மூவரும் வரும்போது நின்ற அதே இடத்தில் நின்றார்கள். சோளகம் ரீச்சருடைய சேலைத் தலைப்பைக் கடல் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

தெல்லிப்பழையில் கைபேசி அதிர்ந்தது. ரொறன்ரோவில் யாரோ எழும்பிவிட்டார். குரல்செய்தி. படம் வரையிற பொடியன்தானே, அவன் பெயர் இரவீந்திரன் என்றது அந்தக் குரல். மாஸ்ரர் எழுதத் தொடங்கினார். மல்லாகத்தில் இன்னொரு செய்தி, பாரிஸிலிருந்து. இரவீந்திரன் இல்லை, அவன் வேற வகுப்பு, இது மகேந்திரன்.

மாஸ்ரர் வாய்க்குள் ஒன்றிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வரைக்கும் வந்து, முதலில் ஒரு பெயரைப் போட்டுப் பார்த்தார், பிறகு மற்றதை. இராகத்துக்கு இரண்டுமே பொருந்தின. பேனையை மூடிவிட்டு, முன்னால் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஒரு பென்சில் இரவல் வாங்கினார். இருபத்துமூன்றுக்கு நேரே இரண்டு பெயரையும் மெல்லிசாக எழுதி, நடுவில் ஒரு சாய்கோடு போட்டார். கொண்டாவிலில் அந்தப் பிள்ளை இறங்க எழுந்தபோதுதான் பென்சில் ஞாபகம் வந்தது.